சாக்ஸுக்குள் செருகிய பேண்ட் கால்

1

முப்பத்தெட்டாயிரத்து நானூறு. கொக்கு என்று நாங்கள் கூப்பிடும் அண்ணன் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கடன் இது. இந்தக் கதை பிறந்தது இந்தத் தொகையிலிருந்துதான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. கதை எழுதுகிறவர்களிடம் அது எப்படித் தோன்றியது என்று கேட்டால், மழை பெய்தது, ரயில் போனது, ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி, அதாவது கொக்குவின் மனைவி, கம்பெனியிலிருந்து வந்த ஒரு தாளை என் முன்னால் போட்டு, "இதுல என்ன போட்டிருக்குனு வாசிங்க வாத்தியாரே" என்றார்.

வாசித்தேன். "மருத்துவச் செலவுக்காக வழங்கப்பட்ட முன்பணம்" என்று இருந்தது. அதற்கு நேராக அந்தத் தொகை. கொக்குவின் கால் வெந்தது கம்பெனிக்குள்ளே. கம்பெனி காட்டிய ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். பில் கட்டியதும் கம்பெனிதான், கட்டும்போது பெரிய மனசு என்றுதான் எல்லாரும் சொன்னோம். அந்தப் பெரிய மனசு இப்போது கடனாகத் திரும்பி வந்திருந்தது.

"இன்னொரு தரம் வாசிங்க" என்றார் அண்ணி.

இன்னொரு தரம் வாசித்தேன்.

"தொகை குறையலியே" என்றார்.

(வாத்தியார் என்பது கிண்டல். ஆறிய வார்ப்பிலிருந்து மணலைத் தட்டி உதிர்ப்பது என் வேலை. உருக்கிய இரும்பை அச்சில் வார்க்கிற நேரத்தில், அதைச் சுமக்கிற பெரிய கரண்டியின் கம்பில் ஒரு கை கொடுப்பேன். தலை நரைக்க ஆரம்பித்த பிறகு சங்கத்துக் கொட்டகையில் நடந்த வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். அதற்குப் பட்டறை எனக்குக் கொடுத்த பட்டம் அது. இந்த அடைப்புக்குறியும் அங்கே கற்றதுதான். சத்தமாகச் சொல்லக் கூடாததை இதற்குள் போடலாம் என்றார்கள்.)

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

அன்று காலைச் சூரியன் உருக்கிய இரும்பைப் போல வானத்தில்…

விட்டுவிட்டேன். உருக்கிய இரும்பைக் கிட்டத்தில் பார்த்த எவனும் சூரியனை அதோடு சேர்த்துப் பேச மாட்டான். சூரியன் யாருடைய பூட்ஸுக்குள்ளும் இறங்குவதில்லை.

அடுத்ததாக:

கொக்கு மிகவும் நல்லவர், கடின உழைப்பாளி, ஒருவருக்கும் தீங்கு நினைக்காத…

இதையும் விட்டேன். செத்துப்போனவர்களுக்கு நோட்டீஸ் அடிக்கிற மாதிரி இருந்தது. கொக்கு உயிரோடுதான் இருக்கிறார். அப்படி ஒன்றும் உத்தமரும் இல்லை. என் காற்றடிக்கும் பம்பை வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை தரவில்லை. கேட்டால், "உன் பம்புதான். அது என்ன உனக்குப் பொண்டாட்டியா, பிரிஞ்சு இருக்க முடியலையா?" என்பார்.

மூன்றாவதாக எழுதிய வரி: சைக்கிள் செயினில் பேண்ட் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

2

சைக்கிளில் செயின் இருப்பது வலது பக்கம். ஆகவே கண்டம் வலது காலுக்கு மட்டும். இடது கால் ஜமீன்தார் மாதிரி ஒரு கவலையும் இல்லாமல் வரும். செயின் பேண்டைக் கவ்வினால் உடனே கிழியாது, உள்ளே இழுக்கும். பெடல் நின்றுவிடும். கால் சிக்கிக்கொள்ளும். தரையில் ஊன்றக் கால் இல்லாமல், போகிற வேகம் எல்லாம் போன பிறகு, நின்ற இடத்திலேயே பொத்தென்று விழ வேண்டும். வேகமாகப் போய் விழுந்தாலாவது ஒரு கௌரவம் உண்டு. எழுந்து பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் துணி மெதுவாக வெளியே வரும், கருப்புப் பல் பல்லாக அச்சுக் குத்திக்கொண்டு. அந்தக் கறை மண்ணெண்ணெய்க்கும் போகாது.

ஷிப்டு முடிந்து எங்கள் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தால், கொஞ்ச நேரம் எல்லாரும் பூமியைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். பழைய டியூபை வளையமாக வெட்டிக் கணுக்காலில் மாட்டிக்கொள்பவர்கள் பாதி. துணி காயப்போடுகிற கிளிப்பை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்து வந்தவர்கள் சிலர். சணல் கட்டுவார்கள், முழங்கால் வரை சுருட்டுவார்கள். வெல்டர் ஒருத்தர் எதுவுமே செய்ய மாட்டார். வலது முழங்காலை வெளியே அகட்டி வைத்துத் தவளை மாதிரி மிதித்துப் போவார். "தவளை கிளம்பிடுச்சு, துணியெல்லாம் எடுத்து உள்ள போடுங்கடா" என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

கொக்கு குனிய மாட்டார். இடுப்பில் பிடிப்பு. ஒற்றைக் காலில் நின்று, வலது காலை சைக்கிள் பாரின் மேல் தூக்கி வைத்து, பேண்ட் நுனியைச் சுருக்கமில்லாமல் மடித்து, சாக்ஸுக்குள் செருகுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

"அண்ணே, மீன் ஏதாவது மாட்டுச்சா?"

"மாட்டுச்சுடா. உன் மாமியாருக்குக் குடுத்து விட்டேன். வாங்கி வெச்சுக்கிட்டு உனக்குச் சொல்லலியா?"

டியூப் வளையம் போட்டால் ரத்தம் கட்டுகிறது என்பார். கிளிப் போட்டால் பொம்பளை வேலை என்பார். சாக்ஸ்தான் அவருக்குச் சரி.

படிக்கிற நீங்கள் இப்போது ஒன்று கேட்பீர்கள். செயினுக்குக் கவர் போட்டுக்கொள்ளக் கூடாதா? எல்லாரும் கேட்டார்கள். கம்பெனி ஆபீசரும் கேட்டார். அதனால் சொல்லிவிடுகிறேன்: கொக்குவின் சைக்கிளுக்குக் கவர் இருந்தது. திருகு தளர்ந்து பெடலில் கடகடவென்று இடித்தது. அவர் கழற்றி வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். திரும்பப் போடலாம் போடலாம் என்று இருந்தார். இதை எழுதாமல் விட்டால் கதை அவருக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் பாதியை மட்டும் எழுதி, மீதியை மடித்து உள்ளே வைப்பது கம்பெனி வேலை. அவர்கள் அதை என்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

3

அந்தப் பேண்ட் எங்களுடையது இல்லை. கம்பெனி கொடுத்தது. கெட்டித் துணி, அடியில் மடிப்பு கிடையாது, கால் அகலம். வேண்டுமென்றே அப்படித் தைத்திருக்கிறார்கள். வார்க்கும்போது இரும்பு தெறிக்கும். தெறித்தது பேண்டில் பட்டு வழுக்கித் தரையில் விழ வேண்டும். அதற்குப் பேண்ட் கால் பூட்ஸுக்கு வெளியே, குடை மாதிரி அதை மூடிக்கொண்டு தொங்க வேண்டும். உள்ளே செருகியிருந்தால் பூட்ஸ் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். உலைக்குப் பக்கத்துச் சுவரில் படமே மாட்டியிருக்கிறார்கள்: வெளியே தொங்கும் கால் பச்சையில், உள்ளே செருகிய கால் சிவப்பில், பெருக்கல் குறி போட்டு.

ஆக, ஒரே பேண்டுக்கு இரண்டு சட்டம். உலைக்கு முன்னால் வெளியே இருக்க வேண்டும். சைக்கிளில் உள்ளே இருக்க வேண்டும்.

முன்பு இந்த வம்பு இல்லை. உடை மாற்றுகிற அறை ஒன்று இருந்தது. வீட்டு உடையில் வருவோம். உள்ளே போய் மாற்றிக்கொள்வோம். போகும்போது கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவோம். நீளமாக ஒரு பெஞ்சு, ரசம் போன ஒரு கண்ணாடி, சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். பெரிய மாளிகை ஒன்றுமில்லை. ஒரு நாள் வந்து பார்த்தால் கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி.

"சரக்கு வைக்க இடம் பத்தல. கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர். "வீட்லயே போட்டுட்டு வந்துடுங்க. உங்களுக்கும் நேரம் மிச்சம்தானே?"

கொஞ்ச நாள் வருஷக் கணக்கில் நீண்டது. நாங்கள் சண்டை போட்டோமா என்றால், இல்லை. முணுமுணுத்தோம். பிறகு பேண்டும் பூட்ஸும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வரப் பழகினோம். நேரம் மிச்சம்தான் என்று கொக்குவே சொன்னார். (இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.)

அன்றிலிருந்து ஒரு புது வேலை சேர்ந்தது. அதற்குக் கூலி கிடையாது, பெயரும் கிடையாது. வீட்டு வாசலில் பேண்டை உள்ளே செருக வேண்டும். ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தியதும் வெளியே இழுத்துவிட வேண்டும். சாயங்காலம் மறுபடி உள்ளே. எங்கள் உயிர் இந்த இழுத்துவிடுவதில் இருந்தது. யாரும் அதை அப்படி நினைத்துச் செய்யவில்லை, மூக்கைச் சொறிகிற மாதிரி செய்தோம்.

4

அன்று கொக்கு அதை மறந்தார்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ரொம்ப நாள் ஆனது. ஏன் மறந்தார் என்று காட்ட வேண்டாமா? கதை என்றால் காரணம் கேட்பார்களே.

முதல் தடவை எழுதியபோது, அன்று காலை வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று வைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி காதுக்குப் போனால் என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசுவார். அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த தடவை, மணி அடித்துவிட்டது, கொக்கு தலைதெறிக்க ஓடினார் என்று வைத்தேன். அவர் ஓடவில்லை. நேரத்துக்குத்தான் வந்தார். வாட்ச்மேனிடம் நின்று கதை பேசிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மூன்றாவது தடவை, அவர் மனதுக்குள் ஏதோ ஒரு பழைய துக்கம் ஓடிக்கொண்டிருந்தது என்று…

அவரிடமே கேட்டேன்.

"என்ன யோசிச்சுக்கிட்டு இருந்தீங்கண்ணே?"

"ஒண்ணும் யோசிக்கலடா. சைக்கிள நிறுத்தினேன். பூட்டினேன். வந்தேன்."

"ஏதாவது இருந்திருக்குமேண்ணே."

"இல்லாததுக்கு நான் எங்கடா போவேன்? ஒரு நாள் மறந்துச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அத்தனை வருஷம் நாள் தவறாமல் ஞாபகம் வைத்திருந்தாரே, அதற்கு எவனும் ஒரு சபாஷ் சொல்லவில்லை. மறந்த ஒரு நாளுக்குத்தான் கேள்வி.

மற்றபடி நடந்தது இது. கரண்டிக் கம்பின் முன்பக்கம் கொக்கு, பின்பக்கம் நான், நடுவில் தொங்குகிற கரண்டி நிறைய இரும்பு. மணல் அச்சின் வாயில் ஊற்றத் தொடங்கினோம். மணலில் எங்கேயாவது ஈரம் நிற்கும், இரும்பு கொஞ்சம் துப்பும். அது தினமும் உள்ளதுதான். அன்றும் துப்பியது. சுண்டைக்காய் அளவு. கொக்குவின் முட்டிக்குக் கீழே பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. வழக்கமாக அது தரையில் விழுந்து கருகும். அன்று இறங்கிய வழியில் குடை இல்லை.

அவருக்கு முதலில் தெரிந்தது சூடு இல்லை, வாசனை. சாக்ஸ் பொசுங்குகிற வாசனை. என்ன மறந்தோம் என்பது அந்த வாசனையில் அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. கையை விட்டால் கரண்டி சாயும். சாய்ந்தால் பின்பக்கம் சாயும், என் பக்கம். அதுவும் அவருக்கு விளங்கியது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன அவர் மண்டைக்குள்ளா இருந்தாய் என்று கேட்காதீர்கள். கம்பின் மறுபக்கத்தில் இருந்தேன். அவர் உடம்பில் ஓடியது அத்தனையும் அந்தக் கம்பு வழியாக என் கைக்கு வந்தது.

"வாத்தி" என்றார். "கீழ வைக்கலாம்."

"என்னாச்சுண்ணே?"

"வைக்கலாம்டா. மெதுவா. சாய்க்காத… சாய்க்காத… ஆங். வை."

தண்ணீர்க் குடத்தை இறக்குகிற மாதிரிச் சொன்னார். கரண்டி மணலில் உட்கார்ந்த பிறகுதான் கத்தினார்.

(இதற்கு மேலும் ஒரு பத்தி எழுதினேன். பூட்ஸைக் கழற்ற முடியாமல் அறுத்தது வரை. நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே எடுத்துவிட்டேன். ஒரு மனுஷன் வேகும்போது எனக்கு வாக்கியம் அழகாக அமைவது பிடிக்கவில்லை.)

காலில் மூன்று விரலை எடுத்தார்கள். கணுக்கால் இனி மடங்காது. பெடல் மிதிக்க மடங்குகிற கணுக்கால் வேண்டும்.

5

நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி கம்பெனி கேட்டது. கொக்குவுக்கு எழுத்து தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "வாத்தி, உன் படிப்பு ஒரு நாளைக்காவது உபயோகப்படட்டும்" என்றார். எழுதியது தாளில் கால்வாசி கூட வரவில்லை. அதில் ஒரு வரி இது:

உடை மாற்றும் அறையை மூடிவிட்டதால் உலைக்குப் போடும் கால்சட்டையோடு சைக்கிளில் வர வேண்டியிருந்தது, செயினில் மாட்டாமல் இருக்கவே அதைச் சாக்ஸுக்குள் செருகினேன்.

தனியாக நிற்கட்டும் என்றுதான் இந்த வரியை இங்கே பிரித்து வைத்திருக்கிறேன். இதைப் பற்றி இன்னும் பேச வேண்டும்.

ஆபீசர் வீடு தேடி வந்தார். சின்ன வயசு. வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். கொக்கு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அண்ணி டீ கொடுத்தார். இந்த ஆளைக் கெட்டவனாக எழுதினால் என் வேலை சுலபம். மீசை வைத்துப் பார்த்தேன், தொப்பை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. நல்ல பையன். அதுதான் தொல்லை.

"எல்லாம் சரியா இருக்குண்ணே. இந்த ஒரு வரி மட்டும் இடிக்குது."

"எங்க தம்பி இடிக்குது?"

"இது விபத்தப் பத்தினது இல்லண்ணே. நிர்வாகத்தப் பத்தினது."

"என் காலு நிர்வாகத்துக்கு உள்ளதான தம்பி வெந்துச்சு? ரோட்லயா வெந்துச்சு?"

ஆபீசர் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்த வரி இருந்தால் விசாரணை வரும். விசாரணை வருஷக் கணக்கில் போகும். அதுவரை முன்பணம் கடனாகவே நிற்கும். கொக்கு இனி உலைக்கு வர முடியாது, கணக்கை முடித்து அனுப்பும்போது கையில் வருகிற பணத்தில் அதைப் பிடிப்பார்கள். பிடித்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. அந்த வரி இல்லாமல், சாக்ஸுக்குள் செருகியதை வெளியே எடுக்க மறந்தேன் என்பதோடு நிறுத்தினால், கம்பெனி இரக்கப்பட்டு மொத்தத்தையும் தள்ளுபடி செய்யும்.

"எழுதித் தர்றீங்களா?" என்றார் அண்ணி.

"கண்டிப்பா தர்றோம்க்கா. ஒரே ஒரு விஷயம். பின்னால இந்த ரூம் சமாச்சாரத்த வெளிய எங்கயாவது எழுதினாலோ சொன்னாலோ, தள்ளுபடி செல்லாதுனு ஒரு வரி வரும். அது வழக்கமா போடறதுதான்."

"ஓகோ. நாங்க எழுதின ஒரு வரி இடிக்குது. நீங்க எழுதற ஒரு வரி வழக்கம்."

ஆபீசர் முகம் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற, கொக்குவைப் பார்த்து, "ஒரு செயின் கவர் போட்டிருக்கலாமேண்ணே" என்றார். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"ஒரு ரூமைத் திறந்து வெச்சிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணி. செயின் கவர் ஆபீசர் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

6

ஆபீசர் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போன பிறகு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அந்த வரிய எடுக்கக் கூடாது" என்றார் அண்ணி.

"எடுத்தா கடன் போவுது."

"போனா? உன் கால நீயே கொண்டுபோய் வெச்சு வேக வெச்சதா ஆயிடும். நாளைக்கு எவனாவது கேட்டா, கவனம் இல்லாத ஆளு, குடிச்சிருப்பான்னு சொல்லுவான்."

"சொல்லிட்டுப் போறான். வரியா சோறு போடும்?"

"கடன் இல்லைனா மட்டும் யாரு சோறு போடறா? நீ இனிமே எங்க போய் நிக்கப் போற?"

கொக்கு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குத் தெம்பு இல்ல" என்றார். "விசாரணைக்கு ஏறி இறங்க ரெண்டு கால் வேணும்டீ."

"நான் ஏறி இறங்கறேன்."

"உன்ன உள்ள விடுவானா? வெந்தது என் கால்."

"துவைச்சது யாரு? அந்தப் பேண்டுல இருந்த செயின் கறையைத் தேச்சுத் தேச்சு என் கை ரேகை போச்சு. எனக்குப் பேச்சே கிடையாதா?" பிறகு என்னைப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, வாயில என்ன? நீங்கதான எழுதினீங்க?"

என்னைப் பிடித்துப் போட்ட மாதிரி ஆயிற்று. அன்று அவர் கம்பை விட்டிருந்தால் நான் இன்று இல்லை. பிடித்துக்கொண்டிருந்த ஆள் கட்டிலில். அவர் எது சொன்னாலும் சரி என்று சொல்லத் தோன்றியது. அண்ணி சொன்னதுதான் சரி என்றும் தெரிந்தது. "அண்ணன் இஷ்டம்" என்றேன். அண்ணி அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் ஆபீசர் தாளை எடுத்து வைத்து, அந்த வரியை அடிக்கும்படி என்னிடம் பேனாவை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் கொக்கு அதை வாங்கிக்கொண்டார்.

"எந்த வரிடா?"

காட்டினேன். உளியைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கோடு இழுத்தார். சரியாகப் படவில்லை என்று திரும்பவும் இழுத்தார். தாள் கொஞ்சம் கிழிந்தது.

"இங்க ஒரு கையெழுத்துண்ணே."

"கையெழுத்து வராது தம்பி. கோடு போடத்தான் வரும்" என்று கட்டைவிரலை நீட்டினார்.

அண்ணி உள்ளே போய்க் கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். அந்தச் சத்தத்தில் ஆபீசர் கிளம்பினார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று டீயே கொடுக்கவில்லை.

7

கதையை இப்படியா முடிப்பது? எனக்கே கசந்தது. வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கொக்கு பேனாவைத் தூக்கி எறிந்தார். விசாரணை நடந்தது. அட்டைப்பெட்டிகளை வெளியே தூக்கிப் போட்டார்கள். கொக்கு ஊன்றுகோலோடு வந்து அறையைத் திறந்துவைத்தார், நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பட்டறையில் நாங்கள் எதற்கும் கைதட்டியதில்லை, மணலை உதிர்க்கத்தான் தட்டுவோம்.

இன்னொன்றில் ஆபீசருக்கு மனசாட்சி உறுத்தியது. வேலையை விட்டுவிட்டு வந்து கொக்குவின் காலடியில்… அந்தப் பையனுக்கும் வாடகை கட்டுகிற வீடு இருக்கும். விட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு வேறு. கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் போய், நான்காம் பகுதியின் முதல் வரியைத் தூக்கிவிட்டு, "சைக்கிளைப் பூட்டிய கொக்கு காலைத் தூக்கி, பேண்டை வெளியே இழுத்துவிட்டார்" என்று எழுதினால் முடிந்தது. இரும்பு வழுக்கித் தரையில் விழும். கடன் இல்லை, ஆபீசர் இல்லை, இந்தக் கதையும் இல்லை. எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அண்ணி கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. தாளை எடுக்கவே இல்லை.

8

கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. சீட்டு வந்தது. காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. முன்பணம்: தள்ளுபடி. பாக்கி: இல்லை. கொக்கு அதைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் எழுதி முடித்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பம்பு விஷயத்துக்குக் கொக்கு சிரித்தார். மாமியார் வீட்டு மீனுக்கும் சிரித்தார். ஐந்தாம் பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வரிய எதுக்குடா திரும்ப எழுதின?"

"கதைக்கு அது வேணும்ணே."

"அத நான் வித்துட்டேன். முப்பத்தெட்டாயிரத்து நானூறுக்கு வித்துட்டேன். வித்த பொருள நீ எடுத்துட்டு வந்து என் வீட்லயே வெச்சா எப்படி?"

அடுப்புப் பக்கமிருந்து அண்ணி, அத்தனை நாள் கழித்து, என்னிடம் பேசினார். "இருக்கட்டும் வாத்தியாரே. வித்தது அவரு. ரேகை அவரோடது. நான் எதுலயும் ரேகை வைக்கல."

"அவன் வந்து கேட்டா?"

"கேக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லு."

"கடன் திரும்ப வந்தா நீயா கட்டுவ?"

"கட்டறேன்."

"எத வெச்சு?"

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொக்கு என்னைக் கேட்டார்.

"இத கம்பெனி ஆளுங்க படிப்பாங்களாடா?"

"படிக்க மாட்டாங்கண்ணே. கதையெல்லாம் படிக்க அவங்களுக்கு ஏது நேரம்?"

"நம்ம ஆளுங்க?"

"நம்ம ஆளுங்களுக்குப் படிக்க வராதேண்ணே."

"அப்ப யாருக்குடா எழுதின?"

முழித்தேன். இன்னும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசியில், "அந்த வரிய அடிச்சிடவாண்ணே?" என்று கேட்டேன். அவர் தலையணையில் சாய்ந்தார். "தூக்கம் வருது" என்றார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நான் என்ன செய்யப் போகிறேன் என்று நின்று பார்த்தார். நான் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனவே இது இப்போது உங்கள் கையில். கிட்டத்தில் ஒரு பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் அந்த வரி தனியாகத்தான் நிற்கிறது, தேட வேண்டியதில்லை. அடித்தால் கொக்கு கொடுத்த வாக்கு நிற்கும். விட்டால் அண்ணி பக்கம் ஒரு ஆள் கூடும். எது செய்தாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவருக்குக் கடன் பாக்கி எதுவும் இல்லை, இப்போதைக்கு.